கர்ப்பகாலத் தூக்கமும் சர்க்கரையும்: நேரத்தைக் கூட்டுவதா, குறட்டையைக் கவனிப்பதா?

கர்ப்பத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்கத் தூக்கம் நன்றாக இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கு என்ன செய்வது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். நேரத்தோடு படு என்பார் ஒருவர். பகலில் படுத்து ஈடுகட்டு என்பார் இன்னொருவர். மாத்திரை கேட்டுப் பார் என்றும் சிலர் சொல்வார்கள். குறட்டையைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறக்க மாட்டார்கள்.

முதலில் உடலுக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. குழந்தைக்குக் குளுக்கோஸ் தாராளமாகப் போய்ச் சேர இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது. கடைசி மாதங்களில் இன்சுலினின் பலன் ஏறக்குறைய பாதியாகிவிடும். கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும்; சமாளிக்க முடியாதவர்களுக்குத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வருகிறது. 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்துப் பரிசோதிப்பது அதற்காகத்தான். இந்த இழுபறியில் தூக்கமும் கெட்டால் கணையத்தின் பாடு திண்டாட்டம். கர்ப்பத்தோடு சம்பந்தமே இல்லாத 11 ஆரோக்கியமான இளைஞர்களை 6 இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்த 1999ஆம் ஆண்டு ஆய்விலேயே, குளுக்கோஸைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்திருந்தது.

சரி, நேரத்தைக் கூட்டுவது எவ்வளவு உதவும்? முதல் கர்ப்பத்தில் இருந்த அமெரிக்கப் பெண்களின் கையில் அசைவைப் பதியும் பட்டையைக் கட்டி அளந்தார்கள். 7 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது, என் பார்வையில் அதுதான் முக்கியம். தூக்கத்தின் நடுப்புள்ளி காலை 5 மணியைத் தாண்டியவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது. இரவு 10.30க்குப் படுத்து 5.30க்கு எழுபவர், 2 மணிக்குப் படுத்து 9 மணிக்கு எழுபவர், இருவரும் 7 மணி நேரம்தான் தூங்குகிறார்கள். முதலாமவருக்கு நடுப்புள்ளி 2 மணி, இரண்டாமவருக்கு 5.30. ஆக, மொத்த நேரத்தை மட்டும் எண்ணினால் பாதி விஷயம் நழுவிவிடும். இதோடு வெளிச்சமும் சேர்கிறது: 741 கர்ப்பிணிகளிடம் நடந்த மற்றோர் ஆய்வில், படுப்பதற்கு முந்தைய 3 மணி நேரத்தில் அதிக வெளிச்சத்தில் இருந்தவர்களுக்குச் சர்க்கரை அதிகம் வந்தது. விளக்கைத் தணிப்பதற்கும் போனை ஓரமாக வைப்பதற்கும் செலவில்லை, பக்கவிளைவும் இல்லை.

இனி குறட்டை. 3,000க்கும் மேற்பட்ட பெண்களை வீட்டிலேயே இரவில் அளந்த ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் 3.6 சதவீதம் பேருக்கும் நடுவில் 8.3 சதவீதம் பேருக்கும் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு இருந்தது. வயது, உடல் எடை போன்றவற்றைக் கழித்த பிறகும், அவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. ரத்த அழுத்தக் கோளாறுகளும் கூடுதல். காரணம் புரிகிறது: ஒவ்வொரு தடையிலும் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை உலுக்கி எழுப்புகிறது, அட்ரினலின் பாய்கிறது, கல்லீரல் குளுக்கோஸை வெளியே தள்ளுகிறது. தூங்குபவருக்கு இது தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியும். உரத்த குறட்டை, சட்டென்று பத்துப் பதினைந்து நொடி நிசப்தம், அப்புறம் தொண்டையை அடைத்துக்கொண்டு ஒரு இழுப்பு, புரண்டு படுத்தல், மறுபடி குறட்டை. இப்படிப்பட்டவர் 9 மணி நேரம் படுத்தாலும் காலையில் தலைவலியோடுதான் எழுவார்.

இதற்குக் காற்றழுத்த முகமூடிக் கருவி உண்டு, சீபாப் என்பார்கள். கர்ப்பத்தில் பயன்படுத்தலாம். ஆனால் மாட்டிய உடனே சர்க்கரை இறங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஏற்கெனவே சர்க்கரை வந்த பெண்களிடம் இரண்டு வாரம் மாட்டிப் பார்த்த ஒரு சோதனையில் சர்க்கரை அளவு இறங்கவில்லை; ஒழுங்காக மாட்டியவர்களுக்கு இன்சுலின் சுரப்பு மட்டும் மேம்பட்டது. மூச்சும் அசதியும் சீராவதே பெரிய லாபம் என்பேன்.

தூக்கமே வராதவர்களின் கதை வேறு. மாத்திரையா பயிற்சியா என்றால், என் ஓட்டு பயிற்சிக்கே. சிபிடி-ஐ என்பது தூக்கமின்மைக்கான மனப் பழக்கப் பயிற்சி. இதில் எழும் நேரம் மாறாது. கண் சொக்கினால்தான் படுக்கைக்குப் போக வேண்டும், விழித்தே கிடந்தால் எழுந்துவிட வேண்டும். 208 கர்ப்பிணிகளிடம் இணையவழியிலேயே நடத்திய 2020ஆம் ஆண்டு சோதனையில் தூக்கமின்மை நன்றாகக் குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் என்று அந்தச் சோதனை சொல்லவில்லை, அதையும் மறைக்க வேண்டாம். தூக்க நேரத்தை உடலுக்கு உணர்த்தும் ஹார்மோனான மெலடோனினை மாத்திரையாக விழுங்கினால், அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் போகும். "இயற்கையானதுதானே" என்று தானாக வாங்கி விழுங்கும் பொருள் அல்ல. வாந்திக்குத் தரும் டாக்ஸிலமைனில் தூக்கம் வரும்தான், ஆனாலும் அதை மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரையாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

பகல் தூக்கம்? அரை மணி நேரம் கண்ணயர்வதில் தப்பில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும். இடப்பக்கமா வலப்பக்கமா என்ற சண்டைக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இல்லை. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கத் தொடங்காமல் இருந்தால் போதும், எந்தப் பக்கமும் சரியே.

ஆகவே எனக்குத் தோன்றும் வரிசை இது. குறட்டையும் மூச்சு நிற்பதும் இருந்தால் வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் படுப்பவர் போனில் இரண்டு நிமிடம் பதிந்து தந்தால் மருத்துவருக்கு விளக்குவது சுலபம். குறட்டை இல்லாமல் நடுராத்திரி தாண்டிப் படுப்பவர் கடிகாரத்தையும் விளக்கையும் திருத்தட்டும். படுத்தவுடன் கால் பரபரவென்று ஊர்ந்து, எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது என்றால் இரண்டும் பயன்படாது. ரத்தத்தில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.