அசைக்ளோவிர் க்ரீம்: உதடு குறுகுறுக்கும்போதே கையில் இருக்க வேண்டிய மருந்து

அசைக்ளோவிர் 5 சதவீத க்ரீமைப் பற்றி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மருந்து, தாராளமாக வாங்கி வைக்கலாம். ஆனால் உதட்டில் கொப்புளம் எழும்பிய பிறகு கடைக்கு ஓடுகிறவருக்கு அதனால் கிடைக்கும் பலன் குறைவு. உதடு குறுகுறுக்கத் தொடங்கும் அந்தச் சில மணி நேரத்தில் ட்யூப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறு, எட்டு முறைகூடச் சளி பிடிப்பது சகஜம். வகுப்பில் ஒரு மூக்கு ஒழுகினால் போதும், கொஞ்ச நாளில் எனக்கும் தொண்டை கரகரக்கும். மற்ற ஆசிரியைகளுக்குச் சளியோடு முடிந்துவிடும். எனக்கு மூக்கடைப்பு இறங்குகிற சமயத்தில் மேலுதட்டின் இடது ஓரம் சுருக்கென்று குத்தும், பிறகு எரியும், அப்புறம் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பும். எப்போதும் ஏறக்குறைய அதே இடம்.

அதே இடத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. சளியை உண்டாக்கும் வைரஸ் வேறு, இது வேறு. இதன் பெயர் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், முதல் வகை. பெரும்பாலும் சிறுவயதிலேயே எச்சில் வழியாகவோ முத்தத்தின் வழியாகவோ தொற்றி, முகத்தின் உணர்வு நரம்பு முடிச்சில் போய் அடங்கிவிடும். ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும். காய்ச்சல், சளி, கடும் வெயில், தூக்கக் குறைவு, மன அழுத்தம், மாதவிடாய், இவற்றில் ஏதோ ஒன்று தூண்டும்போது அதே நரம்பு வழியாக உதட்டுக்கு இறங்கி வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரின் உடலில் இந்த வைரஸ் இருக்கிறது. அவர்களில் பலருக்கு ஒரு கொப்புளம்கூட வருவதில்லை. உதட்டில் ஒன்று எழும்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு கூசிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்த எண்ணை எழுதுகிறேன்.

சரி, ட்யூபுக்கு வருவோம். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. வெள்ளை க்ரீம், சொல்லிக்கொள்ளும்படி வாசனை இல்லை. தடவியதும் லேசாகச் சுரீரென்று இருக்கும், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். தூங்கும் நேரம் போக, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு ஐந்து தடவை, நான்கைந்து நாள்கள் போட வேண்டும். இந்த ஐந்து தடவை என்பதுதான் பலரும் கோட்டை விடும் இடம். காலையிலும் இரவிலும் மட்டும் போட்டுவிட்டு மருந்து சரியில்லை என்று சொல்வது நியாயமில்லை. நான் பள்ளி இடைவேளைகளை ஒட்டி நேரத்தை அமைத்துக்கொண்டேன். அழுத்தித் தேய்க்காமல் பஞ்சுக் குச்சியால் ஒற்றிவிட்டு, குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பலன் எவ்வளவு? ஆய்வுகளில் சராசரியாகக் கிடைத்தது அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை சீக்கிரம் ஆறுதல். தானாகவே ஏழு முதல் பத்து நாள்களில் ஆறிவிடும் ஒரு புண்ணுக்கு இது சின்ன லாபமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறுகுறுப்பிலேயே தொடங்கிய தடவைகளில் வலி குறைவாக இருந்தது, கொப்புளம் சின்னதாகவே நின்றது. பிள்ளைகள் என் வாயையே பார்த்துப் பாட்டுச் சொல்லும் வேலையில் இருப்பவளுக்கு அது பெரிய ஆறுதல்.

இந்த மருந்து வேலை செய்யும் விதத்தில் எனக்குத் தனி மரியாதை உண்டு. அசைக்ளோவிர் உடலுக்குள் போனதுமே செயல்படுவதில்லை. ஹெர்பிஸ் வைரஸின் சொந்த நொதி ஒன்று அதைத் தொட்டு மாற்றினால்தான் அது விழித்துக்கொள்ளும். விழித்ததும் வைரஸ் தன் மரபுச்சரத்தைப் பிரதி எடுப்பதைப் பாதியில் நிறுத்திவிடும். வைரஸ் இல்லாத செல்லை அநேகமாகத் தொந்தரவு செய்யாது. இதை உருவாக்கிய குழுவை வழிநடத்திய ஜெர்ட்ரூட் எலியனுக்கு 1988-ல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பிரதி எடுப்பதைத்தான் இது தடுக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஏன் முதல் சில மணி நேரத்திலேயே போட வேண்டும் என்பதும் புரிந்துவிடும். கொப்புளம் எழும்பும்போது பிரதி எடுக்கும் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

குறைகளும் உண்டு. பேசப் பேச, தண்ணீர் குடிக்கக் குடிக்க க்ரீம் கரைந்து போகிறது. வெள்ளையாகத் திட்டுத் தெரியும். இரண்டாம் நாளுக்கு மேல் உதடு வறண்டு தோல் உரியும். மூன்றையும் சமாளிக்கலாம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. வாய்க்குள்ளேயும் கண் பக்கத்திலும் இதைப் போடக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எல்லா வாய்ப்புண்ணுக்கும் இது மருந்தல்ல. கன்னத்தின் உள்பக்கத்திலும் நாக்கிலும் வரும் வெள்ளைப் புண் பொதுவாக வேறு வகை. கடைவாய் ஓரம் வெடித்துப் புண்ணாவதும் வேறு. அவற்றுக்கு இந்த க்ரீமைப் போடுவது வீண்.

வகுப்பு நேரத்துக்கு எனக்கு க்ரீமைவிட ஹைட்ரோகொலாய்ட் ஒட்டு பிடித்திருக்கிறது. ஒளி ஊடுருவும் சின்ன வட்டம், கொப்புளத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தைக் காப்பதால் பொருக்கு வெடித்து ரத்தம் கசிவதில்லை, கை தானாகப் போய்த் தடவுவதும் நின்றுவிடுகிறது. க்ரீம் போட்ட இடத்தில் ஒட்டாது, அதனால் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றுதான். அடிக்கடி வருகிறவர்களும் பெரிதாக வருகிறவர்களும் மருத்துவரிடம் வாலாசைக்ளோவிர் மாத்திரையைப் பற்றிக் கேட்கலாம். ஒரே நாளில் இரண்டு வேளையோடு முடிகிற சிகிச்சை முறை அதில் உண்டு.

வீட்டு வைத்தியத்தில் எனக்கு உதவியவை மிகச் சாதாரணமானவை. சுத்தமான துணியில் சுற்றிய ஐஸை ஐந்து நிமிடம் ஒற்றினால் எரிச்சல் தணியும். பொருக்கு கட்டிய பிறகு பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாகப் பூசினால் வெடிக்காது. வலி அதிகமானால் பாராசிட்டமால். எலுமிச்சைச் சாறு, பற்பசை, ஸ்பிரிட் எல்லாம் பச்சைப் புண்ணில் போடச் சொல்வார்கள், தயவுசெய்து போடாதீர்கள். தோல் இன்னும் புண்ணாவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. லைசின் மாத்திரைக்கும் நல்ல ஆதாரம் கிடையாது.

என் விஷயத்தில் கொப்புளத்தைத் தடுப்பது என்பது பாதி சளியைத் தடுப்பதுதான். கை கழுவுவதற்கு ஈடாக எதுவும் இல்லை. சோப்போடு 20 விநாடி, விரல் இடுக்கு வரை. கழுவாத கை மூக்குக்கும் கண்ணுக்கும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கமும் அதே அளவு முக்கியம். தொண்டை கரகரக்கும் அன்று நான் நோட்டுத் திருத்துவதைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். வைட்டமின் சி தினமும் சாப்பிட்டு வருகிறவர்களுக்குச் சளியின் நாள்கள் கொஞ்சம் குறைகின்றன. சளி பிடித்த பிறகு விழுங்கத் தொடங்குவதால் பலன் தெரியவில்லை. ஆன்டிபயாட்டிக் சளி வைரஸைத் தொடாது.

மூக்கடைப்புக்கு நான் நம்புவது உப்புநீர். மூக்கைக் கழுவும் பாட்டிலில் பயன்படுத்தும் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாகவோ வாலை வடித்த நீராகவோ இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை நேராக விடவே கூடாது, அரிதாக அதில் இருக்கக்கூடிய அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. சைலோமெட்டாசோலின் போன்ற மூக்குச் சொட்டு மருந்து உடனே திறந்துவிடும், உண்மைதான். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை வளர்க்கும். ஆவி பிடிப்பது சுகமாக இருக்கிறது, நானும் பிடிக்கிறேன். ஆனால் சளி அதனால் சீக்கிரம் போய்விடும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் உட்காரவைப்பது எனக்குச் சம்மதமே இல்லை, வெந்நீர் கொட்டிச் சுட்டுக்கொள்ளும் விபத்துகள் உண்மையாகவே நடக்கின்றன. இரவு இருமலுக்குத் தேன் நல்லது, ஒரு வயது நிரம்பிய பிறகு. அதற்கு முன் ஒரு துளிகூட வேண்டாம், பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

மறுபாதி வெயில். மைதானத்தில் பிள்ளைகளோடு நிற்கும் நாள்களில் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30 உள்ள உதட்டுத் தைலம் போட்டுக்கொள்கிறேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். வெயிலால் தூண்டப்படும் கொப்புளத்துக்கு இது நல்ல தடுப்பு. வாசனைக்காக விற்கும் சாதாரணத் தைலம் இந்த வேலையைச் செய்யாது, எஸ்பிஎஃப் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புண் இருக்கும் நாள்களில் நான் எந்தக் குழந்தைக்கும் முத்தம் கொடுப்பதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் போவதையும் தள்ளிவைக்கிறேன். பிறந்த சிசுவுக்கு இந்த வைரஸ் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம், இதில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. பொருக்கு உதிர்ந்து தோல் முழுதாக மூடும் வரை டம்ளர், துண்டு, லிப்ஸ்டிக் எதையும் பகிரக் கூடாது. புண்ணைத் தொட்ட கையால் கான்டாக்ட் லென்ஸைத் தொடவே கூடாது. கண் சிவந்து வலித்தாலும், வெளிச்சம் பார்க்கக் கூசினாலும், அன்றே கண் மருத்துவர். எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ட்யூபை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் 5 சதவீத அசைக்ளோவிர் என்று எழுதியிருந்தால் போதும், ஸ்டீராய்டு மட்டுமே உள்ள க்ரீமை அதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள். 25 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும், ஃப்ரிட்ஜில் வேண்டாம். காலாவதித் தேதியைப் பார்த்து மாற்றுங்கள். நான் ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றைத் தலைமாட்டிலும் வைத்திருக்கிறேன், குறுகுறுப்பு பெரும்பாலும் விடியற்காலையில்தான் தொடங்குகிறது. வீட்டில் இரண்டு பேருக்கு வருமானால் இரண்டு ட்யூப் வாங்குங்கள், ஒன்றை மாற்றி மாற்றிப் போட வேண்டாம்.