ஈ.கோலையா, ஈஸ்டா: செயற்கை உயிரியலை எதில் தொடங்குவது?

உயிரிகளின் மரபணுக்களை மாற்றி அவற்றுக்குப் புதிய வேலை கொடுக்கும் செயற்கை உயிரியலில் ஆர்வம் வந்து லேபில் இறங்கும் மாணவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த உயிரினத்தின் மரபணுக்களில் கை வைப்பது என்பதை. பெரும்பாலும் போட்டி இரண்டுக்குள்தான்: ஈ.கோலை பாக்டீரியா, இல்லையென்றால் ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்.

வேகத்தில் ஈ.கோலைக்கே முதலிடம். சத்தான வளர்ப்புக் கரைசலில், 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நாம் விரும்பும் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடை மாலையில் செலுத்தித் தட்டில் பரப்பினால், மறுநாள் காலையில் காலனிகள், அதாவது பெருகிய செல்களின் புள்ளிக் கூட்டங்கள், தெரியும். ஈஸ்ட் இரட்டிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும். காலனிகளுக்கு இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். கோடை விடுமுறைக்குள் ப்ராஜெக்டை முடிக்க வேண்டியவருக்கு இது பெரிய வித்தியாசம். சோதனைகள் முதல் தடவையில் சரிவருவது அபூர்வம். எத்தனை தடவை திருத்திச் செய்து பார்க்கிறோமோ அத்தனைக்குக் கற்கிறோம்.

மரபணுச் சுற்றுகளில், அதாவது மின்சுற்றுப் போல மரபணுக்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் அமைப்புகளில், ஆசை இருந்தாலும் ஈ.கோலைதான். 2000-இல் எலோவிட்ஸ், லைப்லர் என்ற ஆய்வாளர்கள் மூன்று மரபணுக்களை ஒன்றையொன்று அடக்கும் வளையமாகக் கோத்து, செல்லின் பச்சை ஒளி ஏறி இறங்கும்படி செய்தது இந்த பாக்டீரியாவில்தான். கார்ட்னர், கேன்டர், காலின்ஸ் மூவரும் அதே ஆண்டு, இரண்டு நிலைகளுக்கு இடையே மாற்றக்கூடிய மரபணு சுவிட்சை உருவாக்கியதும் இதில்தான்.

தாவர மருந்துகள் என்று வந்தால் கதை மாறுகிறது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினை நுண்ணுயிர் வழியாகத் தயாரிக்க முயன்ற அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர் ஜே கீஸ்லிங்கின் குழு, 2003-இல் அதன் முன்னோடிச் சேர்மமான அமார்ஃபடையீனை ஈ.கோலையில் உண்டாக்கியது. அடுத்த படிக்குத் தேவைப்பட்டது, மூலக்கூறில் ஆக்ஸிஜனைச் சேர்க்கும் பி450 வகை நொதி. தாவர செல்லில் அது, செல்லுக்குள் இருக்கும் சவ்வுப் பின்னலான எண்டோபிளாச வலையில் பதிந்து வேலை செய்கிறது. பாக்டீரியாவில் அந்த வலையே கிடையாது, ஈஸ்டில் உண்டு. 2006-இல் ஆர்ட்டிமிசினிக் அமிலத்தை ஈஸ்ட் சுரந்தது. 2013-க்குள் அளவு லிட்டருக்கு 25 கிராமை எட்டியது. அதிலிருந்து வேதிமுறையில் மருந்தைப் பெறலாம். எனக்கு இத்துறையில் மிகப் பிடித்த வரலாறு இதுதான்: செல்லின் உள்ளமைப்பே எந்த உயிரி என்பதைத் தீர்மானித்துவிட்டது.

ஈஸ்டுக்கு இன்னொரு பலமும் உண்டு. முனைகள் பொருந்தும் டிஎன்ஏ துண்டுகளை உள்ளே விட்டால் அதுவே தைத்துக்கொள்ளும், குரோமோசோமிலும் சேர்த்துக்கொள்ளும்.

புரதங்களில் இரண்டுக்கும் பங்குண்டு. 1982-இல் அனுமதி பெற்ற மனித இன்சுலின் ஈ.கோலையில் உருவானது, 1986-இல் வந்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஈஸ்டில்.

என் தேர்வு, முதல் ப்ராஜெக்டுக்கு ஈ.கோலை. ஈஸ்டில் ஆய்வு செய்பவர்களும் பிளாஸ்மிடை இதில்தான் பெருக்குகிறார்கள், அதனால் இங்கே பழகிய கை எங்கும் வீணாகாது. நீங்கள் விரும்பும் மூலக்கூறின் தயாரிப்புப் பாதையில் பி450 நொதி இருந்தால் மட்டும், தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு நேராக ஈஸ்டுக்கே போங்கள்.