ஹார்ட் டிஸ்க்குக்கு ரவுட்டர் மினி யுபிஎஸ்: எங்கே தாங்கும், எங்கே கைவிடும்

வைஃபை ரவுட்டருக்கென்று விற்கிற 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கோ இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டிக்கோ (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவாக ஃபைல் வைக்கும் பெட்டி) மாட்டலாமா என்று கேட்டால், "12 வோல்ட் 2 ஆம்பியர்தானே சார், தாராளமா ஓடும்" என்பதுதான் பெரும்பாலான கடைகளில் கிடைக்கும் பதில். ஓடும்தான். ஆனால் ரவுட்டர் பொறுத்துக்கொள்வதையெல்லாம் ஹார்ட் டிஸ்க் பொறுத்துக்கொள்ளாது. 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும் இந்தச் சின்னப் பெட்டியையும், ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையுள்ள 600 விஏ யுபிஎஸ்ஸையும் டிஸ்க்கைக் காப்பாற்றுகிற வேலைக்கு மட்டும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில், கரண்ட் போகும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்பது. ஹெட் தட்டில் உரசிக் கீறிவிடும் என்ற பயம் பழைய காலத்தது. இன்றைய டிரைவில் மின்சாரம் நின்றதும், சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரே சற்று நேரம் ஜெனரேட்டராகி, அந்தச் சக்தியில் ஹெட்டைத் தட்டுக்கு ஓரத்தில் இருக்கும் ராம்ப் என்ற சாய்வு மேடையில் ஏற்றிவிடும். இப்படி அவசரமாக ஏறுவது வழக்கமாக நிற்பதைவிடத் தேய்மானம் அதிகம். எத்தனை முறை நடந்தது என்பதைப் பல டிரைவ்கள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 192 என்ற எண்ணில் குறித்துவைக்கும். அந்தப் பட்டியலைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் அதே வரி 'சி0' என்று தெரியும்.

பெரிய நஷ்டம் அங்கே இல்லை, எழுதி முடியாத டேட்டாவில் இருக்கிறது. டிரைவின் உள்ளேயே 64 முதல் 512 எம்பி வரை கேஷ் என்ற தற்காலிக நினைவகம் உண்டு. "காப்பி முடிந்தது" என்று திரையில் வந்த பிறகும் கடைசித் துண்டு அதில் நின்றுகொண்டிருக்கலாம். டிஸ்க் ஃபார்மட்டுகளில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 இரண்டுக்கும் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் குறிப்பேடு) இருப்பதால் ஃபைல் சிஸ்டமாவது ஒழுங்காக எழுந்து வரும். எக்ஸ்ஃபேட்டுக்கு அதுவும் கிடையாது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும் ரெய்டு 5 என்றால் இன்னும் மோசம்: ஒரு டிஸ்க்கில் புது டேட்டா, இன்னொன்றில் பழைய பாரிட்டி (ஒரு டிஸ்க் போனால் அதன் டேட்டாவைத் திரும்பக் கணக்கிட உதவும் எண்கள்) என்று நின்றுபோகும். பின்னால் ஒரு டிஸ்க் சாகும்போதுதான் அது வெளியே வரும்.

இப்போது மினி யுபிஎஸ். அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் '12 வோல்ட்' எல்லா மாடலிலும் உண்மையல்ல. மூன்று லித்தியம் செல்லை வரிசையாகக் கோத்து நேரே வெளியே விடுகிற மலிவு ரகங்களில், முழு சார்ஜில் 12.6 வோல்ட் வரும், தீரும் நேரத்தில் 9 வோல்ட்டை ஒட்டி இறங்கும். பல ரவுட்டர்கள் 9 வோல்ட்டிலும் தம் பாட்டுக்கு ஓடும். 3.5 அங்குல டிரைவுக்கு 12 வோல்ட் லைனில் கூடவும் குறையவும் 10 சதவீதம்தான் அனுமதி, அதாவது 10.8க்குக் கீழே போகக் கூடாது. டெஸ்க்டாப் வகை வெளி டிஸ்க்குகளில் அடாப்டரின் 12 வோல்ட் பெரும்பாலும் நேரே டிரைவுக்கே போகிறது, நடுவில் சரிசெய்ய எதுவும் இல்லை. ஆகவே வாங்கியதும் மல்டிமீட்டர் வைத்து, லோடு இருக்கும்போது, பேட்டரியில் அரை மணி ஓடிய பிறகு அளந்து பாருங்கள். 12ஐ ஒட்டியே நின்றால் உள்ளே வோல்ட்டேஜைத் தூக்கிப் பிடிக்கும் பூஸ்ட் சர்க்யூட் இருக்கிறது. 11.2, 11 என்று சரிந்துகொண்டே போனால் அதை ரவுட்டருக்கே விட்டுவிடுங்கள்.

அடுத்த வில்லங்கம், டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரம். சும்மா சுற்றும்போது 4 முதல் 6 வாட், எழுதும்போது 6 முதல் 9 வாட். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது 12 வோல்ட் லைனில் மட்டும் சில நொடிக்கு 2 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். டிஸ்க் தூங்கிக்கொண்டிருக்கிறது, கரண்ட் இல்லை, யாரோ ஒரு ஃபைலைத் திறக்கிறார்கள் என்று வையுங்கள்: மினி யுபிஎஸ்ஸின் பாதுகாப்பு சர்க்யூட் அந்த இழுப்பைத் தாங்காமல் 'டப்'பென்று அணைத்துவிடும். காப்பாற்ற வாங்கிய பொருளே கரண்ட் கட்டை உண்டாக்கும். 2 ஆம்பியர் மாடல் ஒற்றை டிஸ்க்குக்கே இறுக்கம், 3 ஆம்பியராவது வேண்டும். 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டரோடு வருகிற இரண்டு டிஸ்க் நாஸுக்கு இது பொருந்தவே பொருந்தாது. பிளக்கின் அளவும் ஒத்துப்போக வேண்டும்: 2.1 மிமீ ஊசியில் 2.5 மிமீ துளையுள்ள பிளக் உள்ளே போய்விடும், ஆனால் ஆடும்.

எம்ஏஎச் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். 8,800 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 12 வோல்ட்டில் அது 2,700தான். அப்படியும் 8 வாட் டிஸ்க்குக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். நேரம் இங்கே பிரச்சினையே இல்லை. பேட்டரி தீரப்போகிறது என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல அதற்கு வாய் இல்லை, அதுதான் பிரச்சினை. இரண்டு மணி நேரம் கழித்து டிஸ்க் திடீரென்று நிற்பதும், உடனே நிற்பதும் டேட்டாவுக்கு ஒன்றேதான். ஆள் பக்கத்தில் இருந்து, டிஸ்க்கைப் பத்திரமாக எஜெக்ட் செய்து கழற்றுவதற்கான அவகாசம் மட்டும் போதும் என்றால் மினி யுபிஎஸ் ஓகே.

அடுத்தது 600 விஏ யுபிஎஸ். லைன் இன்டராக்டிவ் என்கிற, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாட்டும் வழக்கமான ரகமான இது பேட்டரிக்கு மாற எடுப்பது சில மில்லி செகண்டுதான், அடாப்டர் அதை உணர்வதுகூட இல்லை. வெளியே வருவது சுத்தமான சைன் அலை அல்ல, படிப்படியான அலை. சின்ன அடாப்டர்களுக்கு அதனால் கேடில்லை. வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: பிரின்டரில் இருப்பது போன்ற சதுர யுஎஸ்பி போர்ட் இருந்தால் அது கம்ப்யூட்டருக்கோ நாஸுக்கோ பேட்டரி நிலையைச் சொல்லும் டேட்டா போர்ட். தட்டையான யுஎஸ்பி இருந்தால் அது பெரும்பாலும் போன் சார்ஜ் செய்யத்தான். இந்த விலையில் பல மாடல்களில் இரண்டும் இருக்காது.

டேட்டா போர்ட் இருந்தால், அதை நாஸோடு இணைத்து, சினாலஜி நிறுவன நாஸில் கன்ட்ரோல் பேனல், ஹார்ட்வேர் அண்ட் பவர், யுபிஎஸ் என்று போய் ஆன் செய்து, 5 நிமிடத்தில் எழுதுவதை நிறுத்திப் பாதுகாப்பு நிலைக்குப் போகும்படி வைத்தால் போதும். கரண்ட் திரும்பியதும் தானே எழுவதற்கான டிக்கையும் மறக்காதீர்கள். லினக்ஸில் நட் என்ற நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் இதே வேலையைச் செய்யும். போர்ட் இல்லையா? யுபிஎஸ்ஸிலும் இன்வெர்ட்டர் லைனிலும் சேராத ஒரு பிளக்கில் பழைய ரவுட்டர் ஒன்றை மாட்டி, நாஸிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதற்குப் பிங் அடிக்கும் (உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும்) ஸ்கிரிப்ட் எழுதுங்கள். தொடர்ந்து ஐந்து முறை பதில் வராவிட்டால் ஷட்டவுன். அழகில்லாத வழி, ஆனால் வேலை செய்யும்.

இரண்டு எச்சரிக்கை. சில யுபிஎஸ்கள் பேட்டரியில் இருக்கும்போது லோடு மிகக் குறைவாக இருந்தால், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். ஒற்றை டிஸ்க்கின் 8 வாட் இதில் மாட்டிக்கொள்ளும். வீட்டில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால், அதற்குப் பின்னால் மாட்டிய யுபிஎஸ் அந்த அலையை ஏற்காமல் டிக் டிக்கென்று மாறி மாறித் தன் பேட்டரியையே தின்னும். சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்து அதை யுபிஎஸ் மோடில் வைத்தால் தனி யுபிஎஸ் இல்லாமலே டிஸ்க் ஓடும், ஷட்டவுன் சிக்னல் மட்டும் கிடைக்காது.

சோதிக்கும்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த் அறுந்துவிடும். சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள். தேவையில்லாத ஃபைல்களைக் காப்பி ஓடவிட்டு அணைத்து, முன்னும் பின்னும் ஸ்மார்ட் பட்டியலின் 192ஐப் பாருங்கள். எண் ஏறவில்லை என்றால் டிஸ்க்குக்குக் கரண்ட் போனதே தெரியவில்லை.

600 விஏ யுபிஎஸ்ஸின் உள்ளிருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி. நம் ஊர் வெயிலில் இரண்டு, மூன்று வருடம் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்தால், அது சாவதற்கு முன்பே ஓடும் நேரம் குறைவது தெரிந்துவிடும். மாற்றும்போது பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்: டெர்மினல் தகடு 4.75 மிமீ, 6.35 மிமீ என்று இரண்டு அகலத்தில் வருகிறது, மாறிப்போனால் வயர் லக் ஒன்று நுழையாது, இல்லையென்றால் கழன்று விழும்.