இன்ஜின் துருவுக்கு டபிள்யூடி-40 (துருவ இளக்குற ஸ்ப்ரே) வாங்கலாமா? நான் யூஸ் பண்ணி பாத்தது

வீடு தூத்துக்குடில கடலுக்கு பக்கம், உப்புக்காத்துக்கு எங்க 2011 ஆல்ட்டோ பானெட்ட தொறந்தாலே போல்ட்டு, கிளாம்பு எல்லாம் செவசெவன்னு துரு, அதுக்கு மேல ஆயிலும் தூசியும் சேந்து களி மாதிரி அப்பிக்கிடக்கும். போன தடவ ஒரு வாட்டர் வாஷ்ல விட்டேன், பிரஷர் கன்ன நேரா இன்ஜின்ல புடிச்சுட்டாங்க, பிளக் பக்கம் தண்ணி ஏறி மிஸ்ஃபயர் ஆகி வண்டி உதறிக்கிட்டே வீடு வந்துச்சு, மனசே ஆறல. அதான் இந்த தடவ நானே எறங்கிட்டேன்.

துரு மேல டபிள்யூடி-40 அடிச்சு கால் மணி நேரம் விட்டுட்டு கம்பி பிரஷ்ஷால தேச்சா பொடிப்பொடியா உதிருது, ஸ்பேனருக்கு அசையாத பேட்டரி கிளாம்பு நட்டு கூட லேசா சுத்திருச்சு, அவ்ளோ சந்தோஷம். ஆயில் பிசுக்கும் துணில கறுப்பா வந்துருது. ஆனா கெட்டி கிரீஸுக்கு டீகிரீசர்தான் (கிரீஸ கரைக்கிற கிளீனர்) சரி, இத அடிச்சா கேன்தான் காலியாகும். இன்ஜின் நல்லா ஆறுன பொறவு அடிங்க, தீப்பிடிக்கிற சாமான். பெல்ட்டு மேல படவே கூடாது, வழுக்கும்.

பேட்டரி டெர்மினல்ல பூத்த வெள்ளைக்கு இது வேணாம், மைனஸ் வயர முதல்ல கழட்டிட்டு சுடுதண்ணில ஆப்பசோடா கரைச்சு ஊத்துங்க, பொங்கிக்கிட்டு கரையும், தொடச்சு காயவச்சு வாசலின் தடவுங்க.

டபிள்யூடி-40 அடிச்சா பெயிண்ட் மாதிரி நின்னு காக்காது, அதனால துரு தேச்ச எடத்த சுத்தமா தொடச்சு ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சுட்டேன்.