முன்னால் ஓடுவதா, பின்னால் காத்திருப்பதா: இரண்டு கென்டக்கி டெர்பிகள்

அமெரிக்காவின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியில் முன்னணிக் குதிரை முதல் அரை மைலை 2002-இல் 47.04 விநாடியில் கடந்தது. 2022-இல் 45.36. இரண்டுமே சர்ச்சில் டவுன்ஸ் பந்தய மைதானத்தின் மண் தளத்தில் ஓடிய ஒன்றேகால் மைல் பந்தயங்கள். வித்தியாசம் ஒன்றரை விநாடிக்குக் கொஞ்சம் மேல்தான். பந்தயத்தில் இடைவெளியைக் குதிரையின் உடல் நீளத்தில் அளப்பார்கள்; விநாடிக்கு ஐந்து நீளம் என்று தோராயமாகக் கணக்குப் போட்டால், அதுவே எட்டு நீளம் ஆகிவிடுகிறது.

2002-இல் வென்றது வார் எம்ப்ளம். குதிரைகள் புறப்படும் கேட் திறந்த கொஞ்ச நேரத்தில் ஜாக்கி விக்டர் எஸ்பினோசா அதை முன்னால் கொண்டுபோய்விட்டார். யாரும் நெருக்கவில்லை. இத்தனைக்கும் முந்தைய பந்தயமான இல்லினாய் டெர்பியையும் அந்தக் குதிரை முன்னால் ஓடித்தான் ஜெயித்திருந்தது. தெரிந்திருந்தும் மற்ற ஜாக்கிகள் விட்டுவிட்டார்கள். தானே வேகத்தைத் தீர்மானித்த குதிரைக்கு மூச்சு மிச்சம் இருந்தது. கடைசிக் கால் மைலை 24.43 விநாடியில் முடித்தது. அதன் பின்னாலேயே வந்த ப்ரௌட் சிட்டிசனுக்கு இரண்டாம் இடம்.

2022 நேர் எதிர். சம்மர் இஸ் டுமாரோவும் க்ரௌன் ப்ரைடும் போட்டி போட்டுக்கொண்டு முதல் கால் மைலையே 21.78-இல் கடந்தன. அந்த வேகத்தில் ஒன்றேகால் மைல் தாங்காது. சம்மர் இஸ் டுமாரோ இருபதாவதாக, அதாவது கடைசியாக வந்தது, க்ரௌன் ப்ரைட் பதிமூன்றாவது. பந்தயத்தின் கடைசிக் கால் மைலுக்கு 27.11 விநாடி ஆனது. முன்னால் இருந்தவை தளர்ந்துபோன அந்த நேரத்தில்தான், வெகு பின்னால் கிடந்த ரிச் ஸ்ட்ரைக் என்ற குதிரையை ஜாக்கி சானி லியோன் உள்வேலியை ஒட்டி மேலே கொண்டுவந்தார். வழியில் சோர்ந்த ஒரு குதிரையைச் சுற்றி விலகி, மறுபடி வேலிப்பக்கம் நுழைந்து, முக்கால் நீளத்தில் வெற்றி. அதன் மீதான பந்தய விலை 80-க்கு 1, அதாவது ஜெயிக்கும் என்று யாரும் பெரிதாக எதிர்பார்க்காத குதிரை.

இரண்டில் எது நல்ல உத்தி என்று கேட்டால், நான் முன்னால் ஓடுவதையே தேர்ந்தெடுப்பேன். பின்னால் காத்திருக்கும் குதிரைக்கு யாராவது முன்னால் அடித்துக்கொண்டு ஓட வேண்டும், அப்புறம் சரியான நேரத்தில் வழியும் கிடைக்க வேண்டும். ரிச் ஸ்ட்ரைக் அதன் பிறகு ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. வார் எம்ப்ளம் இரண்டே வாரத்தில் அடுத்த பெரிய பந்தயமான ப்ரீக்னஸையும் வென்றது. ஆனால் அதற்கடுத்த பெல்மான்ட் பந்தயத்தில் கேட்டை விட்டு வரும்போதே தடுக்கி, கிட்டத்தட்ட முழங்கால் மண்ணில் பட்டது. ஆரம்பத்திலேயே முன்னிடம் போயிற்று, எட்டாவதாக வந்தது.

புல் தளத்தில் மண் முகத்தில் தெறிக்கும் தொல்லை குறைவு என்பதால் பின்னால் காத்திருப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அங்கும் ஜாக்கி ஸ்டீவ் காத்தன், 1985-இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் ஸ்லிப் ஆங்கர் என்ற குதிரையை முழுக்க முன்னால் ஓட்டி ஏழு நீளத்தில் ஜெயித்திருக்கிறார்.

எனக்கு மனசு கேட்காதது எபிசென்டர் விஷயத்தில்தான். 2022-இல் நடுவில் பொறுமையாக ஓடி, வேகச் சண்டையில் சிக்காமல், கடைசி நேர்தடத்தில் முன்னிலைக்கும் வந்த குதிரை அது. உள்ளே வேலியோரம் ரிச் ஸ்ட்ரைக் வந்துகொண்டிருந்தது.