நாலு வருஷமாக வாசிக்கும் ஆம்ப் மாடலர்: அந்தச் சீறல் எங்கிருந்து வருகிறது

போன வாரம் சமாதானபுரத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். சர்ச் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கிறவன். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற மாடலர் வெல கொறஞ்சிருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டான். மாடலர் என்றால் ஆம்ப், பெடல், ஸ்பீக்கர் எல்லாவற்றின் சத்தத்தையும் நகல் செய்து தருகிற ஒரு டிஜிட்டல் பெட்டி. "வேண்டாம்லே" என்று ஒரே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டேன். அவன் முகம் வாடியிருக்கும். அவனுக்குச் சொல்ல வேண்டியதை முழுசாக இங்கே எழுதுகிறேன்.

அன்றுதான் திருநெல்வேலி ஜங்ஷனில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த பெட்டி கைக்கு வந்திருந்தது. அடாப்டர் சொருகுகிற இடம் ஆடிப்போயிருந்தது. அதை நன்றாகவே பற்றவைத்துக் கொடுத்தார்கள். ஆனால் சோதித்துப் பார்க்கும்போது எல்லாவற்றையும் பேக்டரி செட்டிங்குக்குத் தள்ளிவிட்டார்கள். நான் சேமித்து வைத்திருந்த டோன்கள், அதாவது பிரீசெட், ஒன்றுகூட இல்லை. ஆன் செய்து ஒரு ஈ மேஜர் அடித்தேன். நாலு வருஷத்துக்கு முன் முதல் நாள் கேட்ட அதே சத்தம். ஸ்வரத்துக்கு மேலே, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது மாதிரி ஒரு 'சுர்ர்'.

இந்தச் சீறலை விரட்டத்தான் முதல் ஒன்றரை வருஷம் போயிற்று. ஆம்பை மாற்றினேன், பெடலை மாற்றினேன், கிடாரின் பிக்கப்பைக்கூட மாற்றினேன். காசு கொடுத்து அடுத்தவர் செய்த பிரீசெட் வாங்கினேன். எதிலும் போகவில்லை.

வழி தெரிந்தது நாங்குநேரிப் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில். ஆடிக் காற்று பந்தல் துணியை அடித்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு சவுண்ட் செக். வீட்டில் ராத்திரி ராத்திரியாக ஹெட்போனில் உட்கார்ந்து நான் அமைத்த டோன், பெரிய பாக்ஸில் போட்டதும் காதைக் கிழித்தது. மைக்செட் அண்ணாச்சி மிக்சரிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "தம்பி, ஒங்க கிடாரு காதுல ஊசி குத்துற மாதிரில்லா இருக்கு. அடியில ஒரே ஊதல், மேல ஒரே கிறீச்சு. நடுவுல ஆளே இல்ல" என்றார். திரும்பிப் போய் என் சேனலில் ஹை குமிழை இடது பக்கம் திருகினார், மிட்டை ஏற்றினார். கிடார் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றது.

அண்ணாச்சி காதால் கண்டுபிடித்ததற்கு இரண்டு காரணம் உண்டு. முதலாவது சத்தத்தின் அளவு. மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்கு அடி பாஸும் உச்சி டிரெபிளும் குறைவாகத்தான் விழும். பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். ராத்திரி மெதுவாக வைத்து டோன் அமைக்கிறவன் கை தானாகவே அடியையும் உச்சியையும் கூட்டும். மேடையில் அந்தக் கூட்டல் எல்லாம் தலைக்கு மேல் ஏறி நிற்கும். அதனால் மேடைச் சத்தத்தில் வைத்துத்தான் டோன் அமைக்க வேண்டும். தம்பிக்கு இது சுலபம். பயிற்சி முடிந்த பிறகு அரை மணி நேரம் சர்ச் ஸ்பீக்கரிலேயே டோனை அமைத்துவிடலாம்.

இரண்டாவது ஸ்பீக்கர். 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பை அதுவே வடிகட்டிவிடுகிறது. போதாததற்கு, நிஜ ஆம்ப் நம் முழங்காலைப் பார்த்துக்கொண்டு தரையில் கிடக்கும். நாம் பக்கவாட்டில் நின்று கேட்கிறோம். மாடலரில் இருக்கிற கேபினட்டோ (ஸ்பீக்கர் பெட்டியின் நகல்), ஸ்பீக்கரின் கோனுக்கு நேரே நெருக்கி வைத்த மைக் கேட்ட ஒலி. மிச்சமிருக்கும் சீறலை எல்லாம் மைக் பிடித்துக்கொள்ளும், மைக்செட்டில் உச்சி ஒலிக்கென்று இருக்கிற ட்வீட்டர் அதை ஊர் முழுக்கச் சொல்லும்.

மருந்து, மாடலர் திரையில் கேபினட் செட்டிங்கில் இருக்கும் ஹை கட். வைத்த எண்ணுக்கு மேலே உள்ள உச்சி ஒலியை அது வெட்டிவிடும். 20,000 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டு வாருங்கள். 8,000 வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. 7,000-இல் தோசைக்கல் அடங்க ஆரம்பிக்கும். 6,000-க்குப் பக்கத்தில் சட்டென்று விரல் கேட்கும். பிக் கம்பியில் படுகிற சத்தம் தனியாகத் தெரியும். 4,500-க்குக் கீழே போனால் ஸ்பீக்கர் மேல் போர்வை போட்ட மாதிரி ஆகிவிடும். அடி ஒலியை வெட்டுகிற லோ கட்டை 80-இலிருந்து 100-க்குள் வைத்தால் பாஸ் கிடாரோடு சண்டை வராது. அப்புறம் மைக். மாடலருக்குள் இருக்கும் எஸ்எம்57 மைக்கின் நகலைக் கோனின் நடுவிலிருந்து ஒரு அங்குலம் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். நூறு ஆம்ப் மாற்றினாலும் அவ்வளவு வித்தியாசம் வராது.

கரகரப்பைக் கூட்டுகிற கெயினை வீட்டில் வைத்ததில் பாதி வையுங்கள். டிஸ்டார்ஷன் இறுக்கமாக வேண்டுமென்றால் ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் என்ற பெடலின் நகலைப் போட்டு, டிரைவைப் பூஜ்யத்திலும் லெவலை உயர்த்தியும் வையுங்கள்; அடியில் கொழகொழப்பு போய்விடும். பெட்டியிலிருந்து கேபிள் மிக்சருக்குப் போனால் கேபினட் ஆன். நிஜ ஆம்பின் இன்புட்டுக்குப் போனால் ஆஃப். இரண்டு கேபினட் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் என்ன செய்தாலும் தெளியாது.

இவ்வளவும் செய்த பிறகு இந்தப் பெட்டி தருகிற சந்தோஷம் பெரிசு, அதை மறைக்க மாட்டேன். சத்தம் லேசாகக் கரகரக்கத் தொடங்குகிற ஆம்ப் மாடல் ஒன்றில் கிடாரின் வால்யூமை 10-இலிருந்து 6-க்குக் குறைத்தால் கரகரப்பு விலகி, மணி மாதிரி ஒரு சுத்தம் வரும். மெதுவாக மீட்டினால் பாடகனுக்குப் பின்னால் நிற்கும், அழுத்தி அடித்தால் குரல் உயர்த்தும். ஒரு கீர்த்தனைக்கு அப்படி வாசித்து முடித்ததும் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அதுவும் தோள்பையில் போட்டுக்கொண்டு பாளை பஸ்ஸில் நின்றபடியே போகிற பெட்டியிலிருந்து.

ஆனாலும் தம்பி, என் பதில் வேண்டாம் என்பதுதான். ஹை கட்டை அணைத்து வைத்தே கடைக்கு அனுப்புகிறார்கள். அதைத் தேடி மூன்று பக்கம் உள்ளே போக வேண்டும். புதிதாக வாசிக்கிற பையன் குறை தன் விரலில்தான் இருக்கிறது என்று நினைத்துவிடுவான். நான் அப்படித்தான் ஒன்றரை வருஷம் நினைத்தேன். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. முதலில் மூன்று குமிழ் உள்ள ஒரு பழைய ஆம்பில் வாசி. சீறாத கிடார் எப்படி இருக்கும் என்று காதுக்குத் தெரியட்டும்.

என் பெட்டியை விற்பதாக இல்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப அமைத்துவிட்டேன். இந்தத் தடவை எண்களை மாஸ்கிங் டேப்பில் எழுதி அடியில் ஒட்டியிருக்கிறேன்: ஹை கட் 5,800, லோ கட் 90, கெயின் 3.5. வெள்ளிக்கிழமை களக்காட்டுப் பக்கம் கொடை. அதே அண்ணாச்சியின் மைக்செட்தான்.