சிஎஸ்ஆர் நிதி வாங்கித் தருவதாகச் சொல்லி 48,000 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்

நேற்று வரை ரிங்காவது போய்க்கொண்டிருந்தது, இன்று காலையில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 48,000 ரூபாய் போய்விட்டது. சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகள் தங்கள் லாபத்தில் சமூகப் பணிக்குச் செலவு செய்ய வேண்டிய பணம், அதை வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் ஏமாற்றினார்கள். எங்களைப் போல மாலை வகுப்பு நடத்துகிற சின்ன டிரஸ்ட் வேறு யாரும் இதில் மாட்டக்கூடாது என்றுதான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

46 பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். அப்பா அம்மா கூலி வேலை முடிந்து இருட்டிய பிறகு வருகிற வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். இரண்டு டீச்சர்கள், ஆளுக்கு மாதம் 4,000. டிரஸ்ட் பதிவு செய்து இன்னும் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கையில் இருந்த காசு குறைந்துகொண்டே வந்த நேரத்தில், தொண்டு நிறுவனங்களுக்கு நிதி பெற்றுத் தருகிறோம் என்கிற ஒரு ஆன்லைன் ஆலோசனை நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது.

வீடியோ காலில் பேசியவர் முதலில் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. டிரஸ்ட் டீடை (டிரஸ்ட் தொடங்கிய பத்திரத்தை) அனுப்பச் சொல்லி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் பக்கம் பக்கமாக நகர்த்திப் படித்தார். அப்புறம், "எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைங்க எத்தனை பேர் மேடம்?" என்று கேட்டார். பதினொரு பேர் என்றேன். குறித்துக்கொண்டார். நன்கொடை கேட்டு ஏறி இறங்கிய இடங்களில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. அங்கேயே நம்பிவிட்டேன்.

சட்டத்தைப் பற்றி அவர் சொன்னதிலும் தப்பு கிடையாது. நிகர லாபம் 5 கோடியோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்ய வேண்டும், கல்வியும் அதில் வரும் என்றார். அதோடு, இந்த நிதி வாங்க டிரஸ்ட்கள் அரசிடம் பதிவு செய்கிற சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்கிவிட்டால் 12 லட்சம் நிச்சயம் என்றும் சொன்னார். படிவத்துக்கு அரசுக் கட்டணம் 18,000, திட்ட அறிக்கைக்கும் மற்ற வேலைகளுக்கும் 30,000 என்று கணக்குச் சொன்னார். ஆக 48,000, இரண்டு டீச்சர்களுக்கும் ஆறு மாதச் சம்பளம் அது. நிறுவனத்தின் கணக்கு என்று இல்லாமல் ஒரு தனியாள் பெயருக்குப் போடச் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். போட்டுவிட்டேன்.

அதன் பிறகு மூன்று மாதம் ஒரே அலைக்கழிப்பு. போர்டு மீட்டிங் தள்ளிப்போச்சு மேடம். குவார்ட்டர் முடியட்டும் மேடம். சார் லீவுல இருக்காரு. பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "சர்வீஸ் சார்ஜ் ரீஃபண்ட் கிடையாது, ஒப்பந்தத்துல படிச்சுப் பாருங்க" என்று வேறொரு பெண் குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அந்த ஒப்பந்தம் எனக்கு வந்ததே இல்லை.

போன வாரம் ஒரு ஆடிட்டரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். சிஎஸ்ஆர்-1 படிவத்துக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை என்றார். அதைவிடப் பெரிய இடி இன்னொன்று. கம்பெனி தானே தொடங்காத வெளி டிரஸ்டாக இருந்தால், அதே மாதிரி வேலையைக் குறைந்தது மூன்று வருஷம் செய்திருக்க வேண்டுமாம். அப்படியென்றால் எங்களுக்கு அந்த நிதி கிடைக்க வழியே இல்லை. டீடின் முதல் பக்கத்திலேயே தேதி இருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் அந்த ஆள் என் கண் முன்னால் படித்தார். படித்துவிட்டுத்தான் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், படித்துவிட்டுத்தான் 48,000 வாங்கினார்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சிஎஸ்ஆர்-1 மட்டும் இல்லை, தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிவு செய்வதும் இலவசம்தான், ஆடிட்டர் வாங்கும் கூலி வேறு. நிதி கிடைக்கும் முன்னாலேயே பணம் கேட்டால் பேச்சை நிறுத்துங்கள். வெளிநாட்டு நிதி என்று சொன்னால், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைத் தொடவே கூடாது. ஏமாந்தது தெரிந்த அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள், நான் இன்றுதான் செய்தேன், மூன்று மாதம் வீண்.

புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். நாளை ஐந்து மணிக்கு வகுப்பு. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் இரண்டு டீச்சர்களையும் உட்கார வைத்து, இந்த மாதச் சம்பளம் இல்லை என்று சொல்ல வேண்டும்.